எட்டு வருடத்துக்கு முந்தின கேஸை நானே எழுதிக் கொடுத்தேன்

“...அதுக்கு மேல நாங்க பார்க்கறதே இல்லப்பா. பழைய கேஸ கம்பெனி மூணு வருஷம் வரைக்கும் பார்க்கும். இன்சூரன்ஸ்காரன் அஞ்சு வருஷம் கேட்பான். எட்டு வருஷத்துக்கு முந்தி நடந்தத இன்னாத்துக்கு எழுதுன?”

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வண்டிகளைக் கவனிக்கிற ஜாபர் பாய் இப்படிக் கேட்டபோது என் விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. அன்பான சபையாரே, அதற்கு நான் சொன்ன பதில் எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் நான் ஓட்டின லாரியை முதலாளி விற்றுவிட்டார். நாலு மாதம் கையில் ஸ்டியரிங் இல்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கே என்னைப் பிடிக்காமல் போனது. விரிஞ்சிபுரத்திலிருந்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப்போகிற கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர் தேடுகிறார்கள் என்று கேட்டதும் ஓடினேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘லைசென்ஸ் எப்போதாவது சஸ்பெண்ட் ஆனதா?’ என்று அதில் ஒரு கேள்வி. அங்கேயே பேனா நின்றுவிட்டது.

ஆனது. அப்போது நான் தோல் பதனிடுகிற ஷாப்புக்கு லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். உப்புத் தோலை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது, வேலை முடிந்த பெண்களைப் பின்னால் ஏற்றிக்கொள்வது எங்கள் பக்கம் வழக்கம். ஏற்றாமல் போனால்தான் திட்டு விழும். ஒரு சாயங்காலம், தோலிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீரில் பலகை வழுக்கிக் கிடந்தது. திருப்பத்தில் நான் வேகத்தைக் குறைக்கவில்லை. பின்னால் இருந்த ராணியக்கா வழுக்கி ரோட்டில் விழுந்து கை உடைந்தது. மூன்று மாதம் என் லைசென்ஸ் போனது. தப்பு என்னுடையது.

தோஸ்த் ஒருத்தன், லைசென்ஸ் கார்டே புதுசாக மாறிவிட்டது, பழசு எங்கேயும் தெரியாது, ‘இல்லை’ என்று போடு என்றான். எனக்கும் அது இனித்தது. வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு, அந்தக் கேஸ் அவர்கள் கண்ணில் படக் கூடாது ஆண்டவரே என்று சத்தமாகவே ஜெபித்தேன். அடுப்பங்கரையிலிருந்து என் மனைவி கிருபை எட்டிப் பார்த்தாள்.

“இன்னாங்க, நீங்க சொல்ற பொய்க்கு ஆண்டவர் வாட்ச்மேன் வேலை பார்க்கணுமா?”

சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை வந்தது. ஜெபத்தை மாற்றினேன். எழுதுவதற்குத் தைரியம் கொடும், வேலை உம்முடைய இஷ்டம் என்றேன். ராணியக்காவின் கை வரைக்கும் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினோரு நாள் போன் இல்லை. தோஸ்த் என்னை அரிச்சந்திரன் என்று கூப்பிட ஆரம்பித்தான். கிருபைகூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள்தான் ஜாபர் பாய் கூப்பிட்டனுப்பினார்.

அவரைப் பற்றிக் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிகொண்டாவில் வீடு, பஸ் அந்த வழியாகத்தான் போகும். ஆனாலும் அதே கம்பெனியில் வேலை செய்கிற மகளைத் தினமும் தன் ஸ்கூட்டரில்தான் கொண்டுவந்து விடுவார். எந்த டிரைவரையும் நம்ப மாட்டார். அவர் முன்னால் நான் என்ன சொல்வது? மனசுக்குள் இயேசப்பா என்றேன். வாய் தானாகத் திறந்தது.

“பாய், பின்னாடி உட்கார்றவங்களுக்கு மூணு வருஷம் அஞ்சு வருஷம் எல்லாம் இல்ல. ராணியக்காவுக்கு இன்னும் அந்தக் கை முழுசா மடங்கல.”

இன்று எட்டு மாதமாக அந்த பஸ்ஸை ஓட்டுகிறேன். நாற்பது பெண்கள். படியில் ஒருத்தரையும் நிற்க விட மாட்டேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் கியர் போடுவேன். பெருமையாகவே சொல்கிறேன், என் தேவன் எனக்குக் கொடுத்த பெருமை இது. மறைத்து வைத்த ஒரு வருடம் உங்களிடமும் இருக்கலாம். அதை வெளியே எடுத்து வைக்கிற பலத்தை அவரிடம் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.

அன்று என் பதிலைக் கேட்ட ஜாபர் பாய் படிவத்தை மேசையில் வைத்தார். பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். “நாளைலேந்து ஸ்கூட்டர் வேணாம்மா. நீ பஸ்லயே வந்துடு” என்று சொல்லிவிட்டு, பஸ் சாவியை என் பக்கம் தள்ளினார்.