விரல் நீளச் செம்மரம்

மணிவேலுக்கு வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். அந்தக் கையை அப்படிப் பழக்கியவர் அவனைப் பெற்ற நைனா நாகபூஷணம், நகரியில் பவர்லூம் ஓட்டிய மனுஷர். தறியில் நூல் அறுந்தால் பையனுக்கு அடி, அறுந்ததைச் சொல்லாவிட்டால் அடி, சொன்னாலும் "அறுகிற வரைக்கும் இன்னாத்தடா பாத்துக்கினு நின்னே?" என்று அடி. பதினாறு வயசில் ஒரு நாள் நைனா ஓங்கிய பெல்ட்டை மணிவேல் எட்டிப் பிடித்து இழுத்தான். அவர் தறி மேல் முகம் குப்புற விழுந்தார். முன்பல் ரெண்டு போயிற்று. அன்றைக்கே சித்தூருக்கு பஸ் ஏறியவன், அவர் செத்த செய்தி கேட்டுத்தான் நகரிக்குத் திரும்பிப் போனான்.

சித்தூரில் பெயிண்ட் வேலை கற்றுக்கொண்டான். இரும்புக் கதவைத் தேக்குக் கதவாக மாற்றுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டுக்காரர்களே விரலால் தட்டி, 'டங்' என்று கேட்ட பிறகுதான் இரும்பென்று நம்புவார்கள். ஒரு மேஸ்திரி மட்டும், "ஸ்டிக்கர் ஒட்டினாப்பல கீது" என்று சொல்லித் தொலைத்தான். மணிவேல் கையிலிருந்த பெயிண்ட் டப்பா அவன் மண்டையில் இறங்கியது. அவனுக்கு ஆறு தையல், இவனுக்கு ஸ்டேஷனில் ரெண்டு நாள். இப்படியும் ஒரு பிறவி!

தேவசேனாவைக் கட்டிக்கொண்டதும் அடிதடியில்தான். வீட்டுக்குத் தெரியாமல் திருச்சானூரில் தாலி கட்டிவிட்டுத் தெருவுக்கு வந்தால், எதிரே அவள் அண்ணன் ஆதிகேசவன் நிற்கிறான். லாரி டிரைவர், ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. விட்ட அறையில் மணிவேலுக்குக் கண்ணில் பொறி பறந்தது. மணிவேல் சும்மா இருப்பானா? பூக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட, ரெண்டு பேரும் நடுத்தெருவில் புரண்டார்கள். மூச்சு வாங்கிப் பிரிந்தபோது ஆதிகேசவன் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, "சரி வா மாப்ள, பசிக்குது. டிபன் துன்னலாம்" என்றான். அது நடந்து பதினாலு வருஷமாச்சு. அதிலிருந்து மணிவேலுக்கு எதற்கெடுத்தாலும் மச்சான்தான். "உனக்கு நான் பொண்டாட்டியா, எங்கண்ணன் பொண்டாட்டியா?" என்று தேவசேனாவே கேலி பேசுவாள்.

பிளாஸ்டிக் பொம்மைப் பைத்தியம் பிடித்தது கொரோனா சமயத்தில். குழந்தைகள் உருட்டி விளையாடும் பொம்மை இல்லை இது. பெட்டியில் துண்டு துண்டாக வரும். ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் அசல் கப்பலையோ லாரியையோ அப்படியே சுருக்கி வைத்த மாதிரி இருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரன் பிளாஸ்டிக் கப்பலுக்கு மரத்தளம் மாதிரி அடிப்பதை ஃபோனில் பார்த்தான். "இவ்ளோதானா?" என்று உட்கார்ந்தவன், நாலு வருஷமாக எழுந்திருக்கவில்லை.

வழவழப்பான பிளாஸ்டிக்கை ஹாக்ஸா பிளேடால் நீளவாக்கில் கீறுவான். மேலே பிஸ்கட் நிறம். காய்ந்ததும் காப்பிக்கொட்டை நிறத்தில் ஆயில் பெயிண்டைத் தடவி, முடி தேய்ந்த பிரஷ்ஷால் ஒரே பக்கமாக இழுப்பான். கீறலில் கொஞ்சம் தங்கும், மேட்டில் கொஞ்சம் போகும், மரத்தின் வரி தானாக எழுந்து வரும். பலகைக்குப் பலகை நிறத்தைக் கொஞ்சம் மாற்றுவான். ஒரே மரத்தில் அறுத்த பலகைகூட ஒன்றுபோல் இருக்காது என்பான். அப்படி உட்கார்ந்திருக்கிற நேரத்திலாவது அவன் கை யாரையும் அடிக்காமல் இருந்தது. தேவசேனாவுக்கு அதுவே பெரிய நிம்மதி.

போன மாதம் ஆதிகேசவனுக்குக் கடுமையான காய்ச்சல். லாரியைத் திருச்சானூரில் தங்கை வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் நிறுத்தி, சாவியை மணிவேலிடம் கொடுத்துவிட்டு, சித்தூரில் தன் வீட்டுக்குப் போய் நாலு நாள் படுத்துவிட்டான். அந்த நாலு நாளில் மணிவேல் டேப் வைத்து லாரியை அங்குலம் அங்குலமாக அளந்தான். ஒரு முழ நீளத்தில் பிளாஸ்டிக்கில் அதே லாரியைச் செய்தான். மரப் பாடியில் எந்தப் பலகை வெளுத்திருக்கிறது, எது விரிசல் விட்டிருக்கிறது, எல்லாம் அப்படியே. நம்பர் பிளேட் உட்பட. மச்சானிடம் மூச்சு விடவில்லை. எல்லாம் முடித்துக் கையில் கொடுத்து அவனை வாய் பிளக்க வைக்க வேண்டுமாம்.

சரி, லோடு என்ன ஏற்றுவது? மச்சான் தினமும் ஏற்றுகிற மாங்காயை ஏற்றியிருக்கலாம். இந்தப் புத்திசாலி செம்மரம் ஏற்றினான்! அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலையாம். உள்ளே ரத்தச் சிவப்பு, சுற்றி வெள்ளை வளையம், வெட்டிய முகத்தில் வெடிப்பு. அந்த மரத்துக்காக மலையில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று இந்த ஜில்லாவில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்தேதான் செய்தான். விரல் நீளத்தில் முப்பத்தாறு கட்டை. அலிபிரிப் பக்கம் ஒரு கட்டைச்சுவர் மேல் லாரியை வைத்து, பின்னால் மலை தெரிய, கீழே குனிந்து படம் எடுத்தான். ஃபோனில் பார்த்தால் அசல் லாரியே மலையடியில் நிற்கிறது. அதைத் தூக்கி ஸ்டேட்டஸில் போட்டான். பொம்மை என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. எத்தனை பேர் ஏமாறுகிறார்கள் பார்க்கலாம் என்கிற திமிர்.

படம் கைமாறிக் கைமாறி, யார் எடுத்தது என்பது மறைந்து, லாரி நம்பர் மட்டும் மிஞ்சி, சுரேஷ்பாபு என்கிறவனிடம் போய்ச் சேர்ந்தது. செம்மரம் கடத்துகிற ஆள். போன மாதம்தான் அவனுடைய ஒரு லோடு கட்டையை யாரோ வழியில் அடித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு தேவசேனாவின் ஃபோன் அடித்தது. சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வாசலில், ஆதிகேசவனுக்குப் பின்னால் லாரியோடு நின்ற டிரைவர் பேசினான். "அக்கா, உங்கண்ணன நாலு பேர் வண்டியில இருந்து இழுத்துப் போட்டு அடிச்சாங்க. ஃபோன்ல லாரி போட்டோவக் காட்டி 'கட்டை எங்கடா'ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. சுரேஷ்பாபு ஆளுங்க. ஜீப்புல போட்டுக்கினு போய்ட்டாங்க. வெதுருகுப்பத்துக்கிட்ட அவன் தோப்புக்குத்தான் போவாங்க."

பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்ட மணிவேல் செய்ததை அவளிடம் சொன்னான். தேவசேனா கையிலிருந்த கரண்டியாலேயே அவன் தோளில் ஒன்று போட்டாள்.

"போலீசுக்குப் போலாம் வா."

"அவங்களும் அந்தப் போட்டோவப் பாத்துட்டு 'கட்டை எங்க'ன்னுதான் கேப்பாங்க. நான் புரிய வெக்கறதுக்குள்ள மச்சான் உசுரு இருக்காது."

தேவசேனா பொம்மை லாரி இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் அவன் பின்னால் ஏறினாள். போகிற வழியெல்லாம் அவள் அழுதது அவன் முதுகில் தெரிந்தது.

தோப்பில் மோட்டார் கொட்டகை முன்னால் ஜீப் நின்றது. உள்ளே ஆதிகேசவனைத் தூணில் கட்டியிருந்தார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. வலது கையை ஒரு மரப்பெட்டி மேல் இழுத்து வைத்து, தடியன் ஒருவன் ஜாக்கி ராடோடு நின்றான். மூன்று விரல் விரலாகவே இல்லை.

"மச்சான்!"

ஆதிகேசவன் தலையைத் தூக்கினான். மணிவேலைப் பார்த்ததும் அந்த முகத்தில் நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. "இந்தாள எனக்கு யாருன்னே தெரியாது. வெளிய அனுப்புங்க" என்றான்.

மணிவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணா, அந்த போட்டோ நான் எடுத்தது. அது பொம்மை. பிளாஸ்டிக். தோ பாருங்க" என்று பெட்டியைத் திறந்தான். தடியன் விட்ட உதையில் பெட்டி பறந்தது. தரையில் விழுந்த லாரியை அவன் செருப்புக் காலால் மிதித்தான். நாலு நாள் அளந்து, மூணு வாரம் இழைத்தது நொறுங்கிப் போயிற்று. தேவசேனா வீறிட்டாள்.

நாற்காலியில் இருந்த சுரேஷ்பாபு எழுந்து வந்தான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. "ஏமிரா, என் கட்டையத் தூக்கிட்டு, அதே மாதிரி பொம்மை செஞ்சு எடுத்துட்டு வந்து எங்கிட்டயே காட்டறியா?" என்று மணிவேலின் தாடையில் குத்தினான். வாய் ரத்தமாயிற்று. ஜாக்கி ராடு முழங்காலில் விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் மணிவேல் அங்கே யார் குரல்வளையையாவது கடித்திருப்பான். அன்றைக்கு அவன் கை எழவில்லை. தவழ்ந்து போய்ச் சிதறிய கட்டைகளில் ஒன்றைப் பொறுக்கினான்.

"அண்ணா, உங்க கால்ல விழறேன். இத அந்த ஜன்னல் மேல வெச்சி, வெளிய இருக்கற மரம் தெரியற மாதிரி கிட்டக்க குனிஞ்சி போட்டோ எடுத்துப் பாருங்க. அப்புறம் எங்கள வெட்டிப் போடுங்க."

சுரேஷ்பாபு ஏனோ எடுத்துப் பார்த்தான். ஃபோனில் ஆள் உயரச் செம்மரம் நின்றது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினான். வெட்டுமுகத்தில் அதே வெடிப்பு, அதே இடத்தில். கட்டையை எடுத்து மோந்து பார்த்தான். அப்புறம் வாயில் வைத்து நறுக்கென்று கடித்தான். சிவப்பு பெயர்ந்து வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது.

சுரேஷ்பாபு கட்டையைத் துப்பினான். தடியன் கையிலிருந்து ராடைப் பிடுங்கி, மணிவேலின் முதுகில் அவனே நாலு போட்டான். "போட்டோ கீழ பொம்மைன்னு எழுத உனக்கு இன்னாடா கேடு? எழுதியிருந்தா நான் ஏன்டா இவனத் தூக்கறேன்? இழுத்துக்கினு போ. எங்கயாவது வாயத் தொறந்தீங்க, மூணு பேருக்கும் இதே தோப்புல குழி."

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று விரலையும் எடுத்துவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் ஆதிகேசவனுக்கு நன்றாக நினைவு வந்தது. தேவசேனா கட்டிலில் உட்கார்ந்து அண்ணனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மணிவேல் நொண்டிக்கொண்டே கிட்டே வந்தான்.

"நாலு நாள் வண்டி எங்கிட்டதான இருந்திச்சி மச்சான். மணிவேலப் போய்க் கேளுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்ன உட்டிருப்பாங்களே. ஏன் சொல்லல?"

ஆதிகேசவன் கஞ்சியை விழுங்கினான். "எப்பிட்றா சொல்லுவேன்? போட்டோவக் காட்டினானுங்க. என் வண்டி, என் நம்பர், ஏத்தியிருக்கறது நெஜக் கட்டை. எங்கிட்ட சொல்லாம நீதான் ஏத்திட்டேன்னு நெனச்சேன். உன் பேரச் சொன்னா உன்ன வெட்டிப் போட்டிருப்பானுங்க. இவ இன்னா பண்ணுவா? அதான் ஒவ்வொரு விரலுக்கும் தெரியாது, தெரியாதுன்னே இருந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "பொம்மைன்னு தெரிஞ்சிருந்தா மொத அடியிலயே சொல்லியிருப்பேன் மாப்ள."

மணிவேல் கஞ்சிக் கிண்ணத்துக்காகக் கையை நீட்டினான், நான் ஊட்டுகிறேன் என்பதுபோல. தேவசேனா அவன் முகத்தைப் பார்க்கவேயில்லை. கிண்ணத்தை அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு, அண்ணன் வாய்க்கு அடுத்த கரண்டியைக் கொண்டுபோனாள்.