கில்மேராவின் கோல்கீப்பரும் ஆஸ்திரேலியா போன தம்பியும்

முப்பத்தேழு வயதிலும் கில்மேரா அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே யூனன் கேலகர்தான் நின்றுகொண்டிருந்தான். ஆசைப்பட்டு அல்ல, நிற்பதற்கு வேறு ஆள் இல்லை. அயர்லாந்தின் டொனெகால் கடலோரத்தில் அந்த மைதானத்தில் காற்று ஒருநாளும் ஓய்வதில்லை. மழை பக்கவாட்டில் வந்து காதுக்குள் அடிக்கும். இடது கை விரல்கள் இரண்டு முறிந்து, கோணலாகவே கூடிவிட்டன. ஒவ்வொரு ஆண்டும் கடைசி ஆட்டம் முடிந்ததும் "இதோட சரி" என்பான். வசந்தம் வந்ததும் கிளப் தலைவர் மேனஸ் அவன் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவான். திரும்பி வந்து மலைச்சரிவில் ஆடுகளைப் பார்ப்பான். மதியம், பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, உருளைக்கிழங்கை மசித்து ஊட்டுவான். செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் பயிற்சி. அம்மா இல்லை. ப்ரோனா என்று ஒருத்தி இருந்தாள். கால்வேயில் வேலை கிடைத்தபோது அவனையும் கூப்பிட்டாள். அப்பாவை விட்டு எப்படிப் போவது என்றான். அவள் இரண்டு கிறிஸ்துமஸ் பொறுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டாள்.

அப்பா விழுந்தது முந்தியே; மற்றதெல்லாம் தம்பி ஓரன் போன பிறகு நடந்தவை. ஓரன் பத்து வயது இளையவன். பத்தொன்பது வயதில் அவன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பக்கத்து ஊர்க்காரர்களே திட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து, அவர்கள் பாணிக் கால்பந்துக்கு ஆள் தேடி ஒருவர் வந்தார். ஓடச் சொன்னார், குதிக்கச் சொன்னார், அளந்தார். இங்கே, பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் கேலிக் கால்பந்தில் சம்பளம் கிடையாது. மாவட்ட அணிக்கே ஆடினாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். அங்கே ஆட்டம்தான் வேலை.

அன்று சமையலறையில் ஓரன் தேநீரைக் குடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தான்.

"அப்பாவ யாரு பாத்துக்கறது?"

"நான் எதுக்கு இருக்கேன்? போடா. இங்க என்ன இருக்கு, மழையும் ஆடும்தான."

"நீ சும்மா சொல்றியா, நெசமா சொல்றியா?"

"கெளம்புடான்னா கெளம்பு. அங்க போய் வெயில்ல வெந்து சாவு."

அப்போது யூனன் மனதாரத்தான் சொன்னான். அது எத்தனை வருடக் கணக்கு என்று அன்றைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஓரனைப் பார்த்து இன்னும் இருவர் போனார்கள். மற்றவர்கள் சிட்னியில் கட்டட வேலைக்கும் டப்ளினுக்கும் போனார்கள். ஓர் அணிக்குப் பதினைந்து பேர் சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. மேனஸ் கல்யாணமானவர்களை வீடுவீடாகப் போய்க் கெஞ்சினார்.

எட்டு வருடம் கழித்து மெல்போர்னில் ஓரனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்றான். செய்தி கேட்ட மேனஸ் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"யூனன், ஒனக்கு விடிவுகாலம் வந்துருச்சு! ஓரன் நடுவுல ஆடுவான். இப்ப அங்க ஆடற டெக்லன கோலுக்கு அனுப்பிருவேன். நீ அடுப்பு பக்கத்துல காலை நீட்டி உக்காந்துக்கலாம்."

"முதல்ல அவன் வந்து தூங்கி எந்திரிக்கட்டும் மேனஸ்."

"தூக்கமா? இருபத்தேழு வயசுப் பயலுக்கு எதுக்குத் தூக்கம்?"

யூனன் சிரித்தான். ஆனால் அன்று ஆடுகளைப் பார்க்கப் போனபோது, செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தான்.

ஓரன் வந்தான். தோள் அகன்றிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. யாராவது அவன் முதுகில் தட்டினால் ஒரு கணம் விறைத்துப் போவான். அப்பா அவனைப் பார்த்து வாய் கோணிச் சிரித்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேனஸ் கொண்டுவந்த பதினோராம் எண் சட்டையை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டான்.

முதல் ஆட்டம் பக்கத்து ஊர் ட்ரம்போயோடு. அவர்கள் பரம எதிரிகள். எப்போதும் வராதவர்கள்கூட குடையோடு வந்து நின்றார்கள். தொடக்கத்தில் ஓரன் இரண்டு முறை பந்தை மேலே எழும்பிப் பிடித்தபோது மைதானமே குதித்தது. பிறகு ட்ரம்போய்க்காரன் ஒருவன் பந்தோடு அவனைக் கடந்தான். ஓரன் பாய்ந்து, இரண்டு கையாலும் இடுப்பைக் கட்டி, அவனை அப்படியே சேற்றில் சாய்த்தான். ஆஸ்திரேலியாவில் அதற்குக் கைதட்டல் கிடைக்கும். இங்கே அது தவறு. நடுவர் கறுப்பு அட்டையைக் காட்டிப் பத்து நிமிடம் வெளியே அனுப்பினார்.

"ஏலேய், இது கங்காரு பிடிக்கிற எடமில்ல!" என்று ட்ரம்போய்ப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. கில்மேரா ஆட்களும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் யூனன் இரண்டு கோல் விட்டான். ஓரன் திரும்ப உள்ளே வரவில்லை.

எல்லோரும் போன பிறகு உடைமாற்றும் அறையில் ஓரன் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"மேனஸ்கிட்ட சொல்லிரு. நான் இனிமே ஆடல."

"ஒரு அட்டைக்கா இவ்வளவு?"

"அதுக்கில்ல. ரெண்டாவது வருஷமே எனக்கு வெறுத்துருச்சு யூனன். காலைல எந்திரிச்சா எடை பாப்பாங்க. தோலைக் கிள்ளிக் கொழுப்பு பாப்பாங்க. சந்தையில ஆட்டைத் தடவிப் பாக்கற மாதிரி. பந்தைப் பாத்தாலே வாந்தி வருது. அலுத்துப் போச்சு."

யூனன் கையுறையைத் தரையில் வீசினான்.

"அலுத்துப் போச்சா? ஒனக்கா?" அவன் குரல் கூரைத் தகரத்தில் மோதியது. "நான் என்னத்தச் சொல்றது? அப்பாவுக்கு ஊட்டி, ஆட்டை மேச்சு, ஊர்ப் பிள்ளைங்களைப் பஸ்ல சுமந்து, அப்புறம் இங்க வந்து மழைல நிக்கறேன். யாருக்காக? எனக்கு அலுக்கலன்னு எவன்டா சொன்னான்?"

ஓரன் நிமிரவில்லை. "நீ போன்ல ஒரு தடவைகூட சொல்லலையே," என்றான்.

"நீ சொன்னியா?"

காரில் வரும்போது ஹீட்டர் வேலை செய்யவில்லை. பல் கிட்டிக்க உட்கார்ந்து வந்தார்கள்.

மறுநாள் யூனன் கண்விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. அடித்துப் பிடித்து இறங்கி வந்தான். ஓரன் ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவின் முகத்தைச் சவரம் செய்துகொண்டிருந்தான். அது சுலபமில்லை, ஒரு பக்கத் தசை தொங்கும்.

"இன்னைக்கு சனிக்கிழமை. பஸ் இல்ல. போய்ப் படு," என்றான் திரும்பாமலே. "ஆடும் அப்பாவும் இனிமே என்னோடது. பந்தை மட்டும் எங்கிட்டக் கொண்டுவராத."

"கன்னத்தக் கிழிச்சிராத," என்று மட்டும் சொல்லிவிட்டு யூனன் போய்ப் படுத்தான். தூக்கம் வரவில்லை. ஆனாலும் எழுந்திருக்காமல் கிடந்தான்.

மேனஸ் ஒரு மாதம் ஓரனோடு பேசவில்லை. கடைக்கு வந்தால் பாலையும் ரொட்டியையும் மேசையில் நகர்த்துவார், அவ்வளவுதான். அந்தப் பருவம் முழுக்க யூனனே கோலில் நின்றான். அவனும் விலகினால் அணியைக் கலைக்க வேண்டியிருக்கும். அப்படியும் பாதி ஆட்டங்களுக்கு ஆள் சேரவில்லை. குளிர்காலத்தில் ஊர்க்கூட்டம் கூடியது. ட்ரம்போயோடு சேர்ந்து ஒரே அணியாக ஆடுவது என்று முடிவானது. கை தூக்கும்போது மேனஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஊர் நிறத்தையும் கலந்து தைத்த சட்டை ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

ட்ரம்போயில் நல்ல கோல்கீப்பர் ஒருவன் இருந்தான், இருபத்திரண்டு வயதுப் பையன். யூனனிடம் யாரும் ஓய்வு பெறச் சொல்லவில்லை. பயிற்சிக்குக் கூப்பிடவுமில்லை. முதல் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் அடுப்புப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தான். முழங்கால் வலித்தது. ஓரன் உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தான்.

"போகலாமே நீ. சும்மா நின்னு பாத்துட்டு வரலாம்ல?" என்றான் ஓரன்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றான் யூனன். மறுநாள் பயிற்சி இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.