காஷ்பர் பழக்கிய துப்பாக்கி

அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பதில் காஷ்பருக்கு நிகர் குரோஷியாவின் ஸ்லவோனியாவிலேயே கிடையாது. இதைச் சொன்னது காஷ்பர்தான். புது இயந்திரத்தோடு மல்லுக்கட்டி நிற்கும் விவசாயிகளிடம் முப்பது வருடமாக ஒரே மந்திரத்தைத்தான் ஓதுவார்: "புது இன்ஜின்யா. முதல் அம்பது மணி நேரம் அது சொல்றபடி நீ கேளு. அப்புறம் நீ சொல்றபடி அது கேக்கும். கூடக் குடுத்த புஸ்தகத்தைப் படிச்சியா, இல்லையா?" படிக்காதவனை முட்டாள் என்பார். அதுவும் அவன் பெண்டாட்டி எதிரிலேயே.

அப்பேர்ப்பட்ட மனிதர் அறுபத்தோராம் வயதில் ஓர் அரைத் தானியங்கித் துப்பாக்கி வாங்கினார். ஒரு தோட்டா வெடித்ததும் தானே காலி உறையைத் துப்பி, தானே அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் வகை. இரட்டைக் குழல் அலுத்துப்போய்விட்டது, காலத்துக்கு ஏற்ப மாற வேண்டாமா என்று ஊரில் கதை விட்டார். உண்மை வேறு. கதிர் வெட்டும் பலகையைத் தூக்கப் போய் வலது தோள் பிசகி இரண்டு வருடமாகிவிட்டது. அது சரியாகவே இல்லை. இரட்டைக் குழல் உதைக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. இந்த வகை மென்மையாக உதைக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

தோள் விஷயம் மனைவி ரேஸாவுக்கு மட்டும்தான் தெரியும். ஊர் வேட்டைச் சங்கத்தில், துப்பாக்கி பிடிக்க முடியாதவன் காட்டோர வரிசையில் நிற்கக் கூடாது. கையில் குச்சியோடு நாய்களுடன் புதருக்குள் புகுந்து பன்றி விரட்டத்தான் போக வேண்டும். வரிசையில் நாலாம் எண் இடம் முப்பத்தொரு வருடமாகக் காஷ்பருடையது. அடுத்த ஐந்தாம் எண்ணில் நண்பர் இலியா. அந்த இடம் போய்விட்டால் தான் வெறும் கிழவன் என்று காஷ்பர் நினைத்தார்.

துப்பாக்கியை விற்றவள் வின்கோவ்ட்சி நகரத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் லேர்கா. அவளும் சங்கத்து ஆள்தான்.

"அண்ணே, நல்லா கேட்டுக்கங்க. இது புதுசு, ஸ்பிரிங்கெல்லாம் முரடா இருக்கும். முதல்ல நூறு கனத்த தோட்டா போட்டுப் பழக்குங்க. அதுக்கு முன்னாடி புறாவுக்குப் போடுற லேசான தோட்டா போட்டா சிக்கிக்கும். தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டுற போல்ட்டை இழுத்தா பட்டுனு விட்டுடணும், கையில பிடிச்சு மெதுவா விடக் கூடாது. அப்புறம் பின்கட்டையைத் தோள்ல நல்லா அழுத்திப் பிடிங்க. அந்த உதையிலதான் இது வேலை செய்யுது. தோள் விட்டுக்குடுத்தா உதை வீணாயிடும்."

"ஏம்மா, எனக்கேவா மெஷின் பாடம்?" என்றார் காஷ்பர். கூடக் கொடுத்த புத்தகத்தை வண்டியில் ஆடும் கண்ணாடிக்கு முட்டுக் கொடுக்கச் செருகினார்.

செங்கல் சூளைப் பள்ளத்துக்கு நூறு தோட்டாக்களோடு தனியாகப் போனார். மென்மையாம், யார் சொன்னானோ! கனத்த தோட்டா எதில் போட்டாலும் கனத்த தோட்டாதான். ஆறு சுட்டார். ஏழாவதைக் கையில் எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டுக்கு வந்து தோளில் தேய்க்கச் சொல்லி பிளம் சாராயத்தை நீட்டினார். ரேஸா பாதியைத் தேய்த்தாள்; மீதியை அவரே உள்ளுக்குத் தேய்த்துக்கொண்டார். மிச்சத் தொண்ணூற்று நாலும் பட்டறை அலமாரியில் பழைய பல்சக்கரங்களுக்குப் பின்னால் போய் ஒளிந்தன. லேர்காவிடம் போனில், "நூறும் முடிஞ்சுதும்மா. வெண்ணெயா ஓடுது" என்றார்.

வெண்ணெய்! செப்டம்பரில் புறா வேட்டைக்குப் போனால், லேசான தோட்டாவின் காலி உறை பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்று அவரைப் பார்த்துப் பல்லிளித்தது. ஒரு முறை அல்ல, ஒவ்வொரு முறையும். அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வாரா? சனிக்கிழமை தோறும் மதுக்கடையில் உட்கார்ந்து, "டின் டப்பாயா! டின் டப்பாவைத் தலையில கட்டிட்டா அந்தப் பொண்ணு!" என்று வாய் கிழியப் பேசினார். லேர்காவிடம் அதே துப்பாக்கிக்குச் சொல்லிவைத்திருந்த இரண்டு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். அது காதில் விழுந்த அன்று காஷ்பருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் உண்மையை மட்டும் சொல்லவில்லை.

நவம்பரில் பன்றி வேட்டை. நாலாம் எண் இடத்தில், பழக்கப்பட்ட வேட்டைக்காரன் செய்கிற மாதிரி சத்தமே வராமல், குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல போல்ட்டை மெதுவாக முன்னால் கொண்டுவந்து விட்டார். முப்பத்தொரு வருட அனுபவம் அல்லவா! நாய்கள் குரைத்தன. மூடுபனியிலிருந்து ஒரு பெரிய ஆண் பன்றி இருபது அடியில் வந்து நின்றது. விசையை அழுத்தினார். 'க்ளிக்.' போல்ட் பூட்டவே இல்லை. பன்றி தலையைத் திருப்பி, என்ன சங்கதி என்பதுபோல் பார்த்தது. பதறிப்போய் போல்ட்டை இழுத்துவிட்டுச் சுட்டார். குண்டு ஓக் மரத்தில் போய் இறங்கியது. வலிக்குப் பயந்து தோளைத் தளர்த்திப் பிடித்திருந்தாரே, காலி உறை மறுபடி வாயிலேயே சிக்கியது. அதைப் பிடுங்கி எறிவதற்குள் பன்றி அவசரமே இல்லாமல் நடந்து போய்விட்டது.

வேட்டை முடிந்ததும், அன்று தப்புச் செய்தவனை விளையாட்டாக விசாரித்துத் தண்டிக்கும் வேட்டைக் கோர்ட் வழக்கம்போலக் கூடியது. ஓக் தழை மேல் அன்று விழுந்த மூன்று பன்றிகள். ஒரு பக்கம் கொப்பரையில் பாப்ரிகா மிளகாய்த் தூளில் சிவக்கச் சிவக்கக் குழம்பு. சங்கத் தலைவர் பாவோ மனைவியின் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நீதிபதியாகிவிட்டார்.

"குற்றவாளி காஷ்பர், பன்னிக்கு வழியனுப்பு விழா நடத்தினது ஏன்?"

"தலைவரே, குத்தவாளி நானில்ல. இந்த டப்பா!"

லேர்கா எழுந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. "நூறு தோட்டா சுட்டீங்களா, அண்ணே?"

"சுட்டேன்."

அவள் துப்பாக்கியைப் பிரித்து எல்லோருக்கும் காட்டினாள். "பாத்துக்கங்க. கம்பெனியில பூசின கிரீஸ் அப்படியே கெட்டியா கெடக்கு. நூறு சுட்டிருந்தா இது கருகியிருக்கணும். போல்ட்டுல தேய்மானமே இல்ல. இது இருபதுகூடச் சுடாத துப்பாக்கி." மறுபடி பூட்டி, மூன்று கனத்த தோட்டா போட்டு, மண் மேட்டைப் பார்த்துச் சுட்டாள். மூன்று உறையும் சீராகப் பறந்து விழுந்தன. "இப்ப நீங்க சுடுங்க. தோள்ல அழுத்திப் பிடிச்சு."

காஷ்பர் துப்பாக்கியைத் தூக்கினார். கட்டையைத் தோளில் வைத்து அழுத்த முடியவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறக்கிவிட்டார்.

"அந்த நூறுல ஆறுதாம்மா சுட்டேன்" என்றார். "ஏழாவதுக்குத் தோள் ஸ்டிரைக் பண்ணிடுச்சு. ரெண்டு வருஷமா இப்படித்தான். துப்பாக்கியில ஒரு குத்தமும் இல்ல. பழுது நான்தான், எனக்கு உதிரி பாகமும் கிடைக்காது. உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டேன் பாரு, அதுக்கு என்னைச் செருப்பால அடிச்சாலும் தகும்."

"புஸ்தகத்தைப் படிச்சீங்களா, இல்லையா?" என்று பின்னாலிருந்து ஒரு விவசாயி கேட்டான். கூட்டம் ஓவென்று சிரித்தது. காஷ்பரும் அசடு வழிந்தார்.

"படிக்கல. நான் முட்டாள். எழுதிக்கங்க." பிறகு பாவோ பக்கம் திரும்பினார். "தலைவரே, நாலாம் நம்பரை வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. எனக்கு ஒரு குச்சி குடுங்க. நாய்ங்களோட போறேன்."

சிரிப்பு நின்றது. இலியா தொண்டையைச் செருமினார். மனைவி இறந்துபோன மூன்று வருடமாகக் கூட்டத்தில் வாயே திறக்காத மனிதர்.

"டேய், முப்பத்தொரு வருஷத்துல நீ ரெண்டு பன்னி அடிச்ச. ரெண்டும் என் குண்டு. நான் ஏதாவது சொன்னேனா?"

கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தவன் கரண்டியை உள்ளே போட்டுவிட்டான். அப்படி ஒரு சிரிப்பு.

"நீ சுடணும்னா உன்னை இங்க வெச்சிருக்கோம்?" இலியாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ரோட்டுலேர்ந்து அஞ்சாம் நம்பர் வரைக்கும் அரை மணி நேர நடை. வழி பூரா நீ தொணதொணன்னு பேசிக்கிட்டே வருவ. வாரம் பூரா என் காதுல விழற மனுஷக் குரல் அது ஒண்ணுதான்டா. நீ நாயோட போயிட்டா நான் யாரோட நடக்கறது?"

பாவோ சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

"தீர்ப்பு. மிச்சத் தோட்டாவை ஞாயித்துக்கிழமை சங்கத்து ஆளுங்களே சுட்டுப் பழக்கணும். குற்றவாளி சனிக்கிழமை மதுக்கடையில நாற்காலி மேல ஏறி நின்னு, லேர்கா துப்பாக்கி தங்கம்னு மூணு தரம் கத்தணும். நாலாம் நம்பர் அவன்கிட்டயே இருக்கும், அவன் சுட்டாலும் சரி, சுடாட்டியும் சரி. இப்ப கோர்ட் வழக்கப்படி பன்னி மேல குப்புறப் படுக்கட்டும். பன்னிரண்டு அடி."

காஷ்பர் பெரிய பன்றியின் மேல் குப்புறப் படுத்தார். பாவோ ஒரு மரக் குச்சியை ஓங்கி, பட்டும் படாமலும் முதல் அடியைப் போட்டார்.

"பலமா அடி, தலைவரே" என்றார் காஷ்பர், முகத்தைப் பன்றியின் மயிருக்குள் புதைத்தபடி. "கண்ணு கலங்கினதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"