வாய் அவருடையது, கால் என்னுடையது

என் கணவர் சாமி கும்பிடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். அப்படி மூடிக்கொண்டு அடுத்தவர் உடம்பை எடுத்துக் கொடுத்துவிடுவார். கொழுந்தனுக்கு வேலை கிடைத்தால் கொழுந்தன் அலகு குத்துவான் என்று வேண்டிக்கொண்டார். கொழுந்தன் குத்திக்கொண்டான். மாமியாருக்குக் கண் தெளிந்தால் மாமியார் மண்சோறு சாப்பிடுவார் என்றார். அந்த அம்மாளும் சாப்பிட்டார். தன் உடம்பில் ஒரு மயிரைக்கூட மனிதர் முருகனிடம் பேசிவைத்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானல் கடைத்தெருவுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்தபோது, எங்கள் மகளுக்குக் கக்குவான் இருமல் வந்தது. ஒரு வயதுகூட நிறையவில்லை. இருமி இருமி முகம் நீலம் பாரித்துவிடும். போன மூச்சு திரும்புமா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆஸ்பத்திரி மருந்தில் ஒருவழியாகத் தேறினாள். தேறிய பிறகு இவர் சொன்னார்: "முருகன்கிட்ட சொல்லிட்டேன். புள்ள பொழச்சா நீ செருப்பில்லாம பழனிக்கு நடந்து வருவேன்னு."

"நானா?"

"நீதானே பெத்தவ."

அதற்கு மேல் வாயைத் திறக்க முடியுமா? நேர்ந்த கடனைச் செய்யாவிட்டால் அது யார் தலையில் விடியும் என்று எங்கள் பக்கத்தில் எவளுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டுத் தை மாதக் காவடிக் கூட்டத்தோடு கிளம்பினேன். இவரும் துணைக்கு வந்தார். வேண்டுதல் எனக்குத்தானாம், அதனால் அவர் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டார். அட்டை ஏறாமல் இருக்க சாக்ஸில் மூக்குப்பொடி வேறு தடவிக்கொண்டார்.

அப்போதெல்லாம் இந்தப் பக்கமாகப் பழனிக்கு பஸ் கிடையாது. பெருமாள்மலை வரைக்கும் ரோடு. பிறகு சோலைக்குள் ஒற்றையடிப் பாதை. வடகவுஞ்சியைத் தாண்டினால் ஒரே இறக்கம்தான், வழியில் வீடு வாசல் எதுவும் இல்லை. அந்த நடையை உருகி உருகிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. முன்னால் போகிறவர் காறித் துப்புவார், அதன் மேல் என் வெறுங்கால் பதியும். கட்டுச்சோறு நூல்விட்டுப் போயிருந்தது. அதையும் பிரசாதம் மாதிரி உருட்டி உருட்டிக் கொடுத்தார்கள், எல்லாரும் விழுங்கினோம். வேர்வை, ஈரத்துணி, பீடிப் புகை எல்லாம் கலந்து ஒரு வாடை கூட்டத்தோடு கூடவே நடந்து வந்தது.

பெருமாள்மலைக்கு முன்னாலேயே சரளைக்கல் குத்தி என் உள்ளங்கால் பிளந்துவிட்டது. அங்கே டீக்கடைக்கு எதிரே கொடைக்கானல் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தால் வீடு. படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீலம் பாரித்த அந்தச் சின்ன முகம் கண்ணுக்குள் வந்தது. நொண்டிக்கொண்டே நடந்துவிட்டேன்.

சோலைக்குள் அட்டைகள். எங்கே பிளந்திருக்கிறதோ அங்கேயே போய் ஒட்டிக்கொண்டன. பிய்த்துப் போட்டால் ரத்தம் நிற்பதில்லை. கூட்டத்துக்குத் தலைவராக வந்த பெரியவர் ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி திருநீற்றை எடுத்து என் புண்ணில் அப்பினார். "முருகன் சோதிக்கிறான் தாயி, தாங்கிக்கோ" என்பார். திருநீறும் மண்ணும் சீழுமாகச் சேர்ந்து புண் களியாகிக் கிடந்தது. என் காலை நானே பார்க்கச் சகிக்காமல் சேலையை இழுத்து மூடிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வடகவுஞ்சி போய்ச் சேர்ந்தபோது கால் முழங்கால் வரை வீங்கி, தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. ஒரு பூண்டுத் தோட்டக்காரர் வீட்டு வாசலில் கூட்டம் இறங்கியது. அந்த வீட்டுக்காரி வெந்நீர் கொண்டுவந்தவள் என் காலைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இந்தக் காலோட எறங்குனேன்னா பாதி வழியிலயே கெடக்க வேண்டியதுதான். நாளைக்கு வெள்ளனே எங்க மட்டக்குதிரை பெருமாள்மலைக்குக் கெழங்கு ஏத்திட்டுப் போகும். அதுல ஏறி வீட்டுக்குப் போற சோலியப் பாரு" என்றாள்.

போகலாம்தான். கால் போனால் போகட்டும், நான் திரும்பிப் போய் மகளுக்கு இருமலும் திரும்பி வந்தால்? இந்த ஊரோடு திரும்பினால் உண்டு, இதைத் தாண்டினால் திரும்ப வழியில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸை உருவி உதறினார். "அப்பாடா, ஷூ கடிச்சிருச்சு புள்ள. சித்த அமுக்கி விடு" என்று காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

அந்த உள்ளங்காலைப் பார்த்தேன். தண்ணீரில் ஊறிய அவல் மாதிரி வெள்ளை வெளேரென்று, ஒரு கீறல் இல்லாமல், மூக்குப்பொடி நாற்றத்தோடு என் மடியில் கிடந்தது. அட்டையைத் தொட்டபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை. காலைத் தூக்கிக் கீழே வைத்தேன்.

"நான் இதுக்கு மேல நடக்கலைங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "என்ன பேசுற? புள்ளைக்கு ஆகாது."

"புள்ளைக்கு ஆகாதுன்னா நீங்க நடங்க. என் காலும் உங்க காலும் ஒண்ணுன்னு நெனச்சுத்தானே வேண்டிக்கிட்டீங்க? இப்பவும் ஒண்ணுதான். ஷூவைக் குடுத்துட்டுப் போங்க."

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இவர் தலைவரைப் பார்த்தார், அவர் காப்பாற்றுவார் என்று. பெரியவர் தாடியைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் யோசித்தார். நொண்டியை இழுத்துக்கொண்டு இறங்க அவருக்கும் தெம்பு இல்லை என்று நினைக்கிறேன். "புருசன் பொண்டாட்டி ஒரே ஒடம்புதானப்பா. யாரு நடந்தா என்ன, முருகன் ஏத்துக்குவான். வெரசா படு, காலையில எறங்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்ல இவரால் முடியவில்லை.

மறுநாள் அவர் வெறுங்காலோடு இறக்கத்தில் இறங்க, நான் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே குதிரையில் மேலே ஏறினேன். வீங்கிய காலுக்குள் ஷூ நுழையவில்லை. கயிற்றை முடிந்து மூட்டையில் தொங்கவிட்டுக் கொண்டுவந்தேன். பெருமாள்மலையில் பஸ் பிடித்து வீடு வந்து சேரும்வரை வழியெல்லாம் பயம். வீட்டுக்குள் கால் வைக்கிறேன், உள்ளே மகள் இருமினாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "பாலு பொரையேறிருச்சு, ஒண்ணுமில்ல" என்றாள். அவள் மடியில் அந்தக் குட்டி வாயெல்லாம் பாலோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. அப்புறமும் ராப்பகலாக அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இருமல் வரவில்லை. பயமும் மெல்ல மெல்ல விட்டுப்போனது.

இவர் திரும்பி வந்தபோது இரண்டு உள்ளங்காலும் கிழிந்து சீழ் வைத்திருந்தன. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அமுக்கிவிடவில்லை. பஞ்சாமிர்தத்தை என் கையில் கொடுத்துவிட்டு முனகிக்கொண்டே சொன்னார்: "வலி தாங்கல புள்ள. அதான் சன்னதியிலேயே வேண்டிக்கிட்டேன். இந்தக் கால் ஆறிட்டா, உனக்கு மொட்டை போடுறதா."

நான் பஞ்சாமிர்தத்தைக் கீழே வைத்தேன்.

"வேண்டிக்கிட்ட வாய் எந்தத் தலையில இருக்கோ, அந்தத் தலைக்குத்தாங்க மொட்டை."

அவர் கால் ஆறியது. மகளுக்கு முதல் முடி இறக்கப் பழனிக்கு பஸ்ஸில் போனோம், மலையைச் சுற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் வழியாக. அப்பாவும் மகளும் மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் செருப்புப் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் இரண்டு முழம் கதம்பம் வாங்கி, என் பின்னலில் வைத்துக்கொண்டேன்.