கலைவாணி இறுக்கிய இருபது தடவை

ரிப்போர்ட் நார்மல் என்றதும் கவுன்ட்டரிலேயே அழுதவர், என் முப்பது வருட லேப் சர்வீஸில் கலைவாணி ஒருவர்தான்.

பரங்கிப்பேட்டை பக்கம் மீனவர் குடும்பம். கூடை சுமந்து மீன் விற்றவர், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு ஒன்றரை வருடமாக எழுந்து நடமாட முடியாமல் கிடந்தார். ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர், லிவர், கிட்னி, ஈ.எஸ்.ஆர். எல்லாம் சிதம்பரத்தில் எங்கள் லேபில் மூன்றாவது முறையாகவும் சரியாகவே வந்தன.

அவர் கணவர் செல்வம் ரிப்போர்ட்டை ஆட்டிக் காட்டினார். "பாத்தீங்களா மேடம்? ஒடம்புல ஒண்ணுமே இல்ல. சும்மா நடிக்கிறா. அவுங்க ஊட்டுக்கே அனுப்பிடுன்னு எங்கம்மா சொல்லுது."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நடிப்பாகத்தான் பட்டது.

கடலூரிலிருந்து வாரம் ஒருமுறை வரும் டாக்டரம்மாவுக்கு அப்படிப் படவில்லை. கையால் இறுக்கினால் பலத்தைக் கிலோவில் காட்டும் மீட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். "பத்து தடவ இறுக்கச் சொல்லுங்க. ஒரு மணி நேரம் ரெஸ்ட். மறுபடியும் பத்து. இத மட்டும் வெச்சு வியாதியச் சொல்ல முடியாது. ஆனா ரெஸ்ட் எடுத்தா பலம் திரும்புதான்னு பாக்கணும்."

முதல் சுற்று இருபத்திரண்டில் ஆரம்பித்துப் பதினாறுக்கு இறங்கியது. இ.சி.ஜி. கட்டிலில் ஒரு மணி நேரம் படுக்க வைத்தேன். இரண்டாவது சுற்றில் எடுத்த எடுப்பிலேயே பதினாலு.

"நல்லா அமுக்குடி" என்று செல்வம் அதட்டினார்.

கலைவாணி பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. அதன் பிறகு முள் பதினொன்றைத் தாண்டவில்லை. ஏழாவது தடவை முடிந்ததும், "போதும்மா, விட்டுடுங்க" என்றேன்.

"பத்துன்னுதானே சொன்னாங்க மேடம்? இன்னும் மூணு இருக்கு."

மூன்றையும் முடித்தார்.

நான்காம் நாள் செல்வம் போன் செய்தார். "அன்னிலேர்ந்து பாத்ரூமுக்குக்கூட நாந்தான் புடிச்சிகினு போறேன் மேடம். ஒரு மிஷின இறுக்குனதுக்கா இப்படி? நடிக்கிறான்னு நானே சொல்லிட்டேனே."

மற்ற வியாதிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகு, நாள்பட்ட சோர்வு நோய் என்று டாக்டரம்மா எழுதினார். குணமாக்கும் மருந்து இல்லை. உடம்பு தாங்குகிற அளவுக்கு வேலையைப் பிரித்துக்கொள்ளச் சொன்னார். கலைவாணி இன்னும் கூடை தூக்குவதில்லை. கடலுக்குப் போய் வந்து செல்வமே சோறாக்குகிறார். பிறந்த வீட்டுக்கு அனுப்பும் பேச்சைச் செல்வத்தின் அம்மாவும் விட்டுவிட்டார்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரிப்போர்ட்டை நீட்டும்போது "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லாதீர்கள். "இந்த டெஸ்ட்டுல ஒண்ணும் தெரியல" என்று சொல்லுங்கள். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.