குளியலறைக் கதவில் வேப்பிலை

எதிர் ஃபிளாட்டில் அம்மை வந்திருப்பது எனக்குத் தெரியாது. நான் மாசமாக இருப்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு வீட்டிலும் 'வெளியில் சொல்லாதே' என்று வாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் திருமுல்லைவாயிலுக்குக் குடிவந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. மூன்று மாதம் முடியும்வரை மூச்சு விடக் கூடாது என்று திருச்சியிலிருந்து மாமியார் போனில் உத்தரவு போட்டிருந்தார். கண் பட்டுவிடுமாம். ஆபீஸில் வாந்தி எடுத்தால்கூட, கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாளித்துக்கொண்டிருந்தேன்.

முதல் செக்கப்பில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ரூபெல்லாங்கிற அம்மைக்கு உங்க உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்லையே. சின்ன வயசுல எம்எம்ஆர் ஊசி போடலையா?" என்று கேட்டார். அம்மாவுக்கு போன் போட்டேன். "காய்ச்சல் வரும்னு உங்கப்பா வேணாம்னுட்டார்" என்றாள். சரி, இப்போது போட்டுக்கொள்கிறேன் என்றால், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்த ஊசி போடக் கூடாதாம். கல்யாணத்துக்கு முன் என் ஜாதகத்தை எத்தனை பேர் புரட்டினார்கள்! செவ்வாய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அலசியவர்களில் ஒருவருக்காவது இந்த ஊசியைப் பற்றிக் கேட்கத் தோன்றியதா?

"உடம்புல பொரிப்பொரியா இருக்கிற பிள்ளைங்க பக்கம் போயிடாதீங்க. ஆரம்ப மாசத்துல வந்தா குழந்தையோட கண்ணு, காது, இருதயம் எல்லாத்தையும் பாதிக்கும்" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

அந்த வாரமே, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் விஷயமாக எதிர் வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா இந்த ஊர்க்காரர். ஃபிளாட் கட்ட நிலம் கொடுத்த குடும்பம். மூத்த பையன் ஓடி வந்து என் மடியில் ஏறி, கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு ஏதோ கதை சொன்னான். உடம்பு லேசாகச் சுட்டது. அவன் கையிலிருந்த மாம்பழத்தை என்மேல் பூசிவிட, கழுவிக்கொள்ள உள்ளே போனேன். குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது. வெளியே வந்து பையனின் சட்டையைத் தூக்கினேன். முதுகெல்லாம் சிவப்புப் பொரி.

"என்னக்கா இது?"

"ஆத்தா வந்துகீறாம்மா. வாசல்ல கட்டினா ஃபிளாட்டுல கீறவங்கோ மூஞ்சிய சுளிப்பாங்கோ. அதான் உள்ள கட்டிகீறேன்."

வேப்பிலை வாசலில் இருந்தால்தானே வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள்? அந்த வழக்கத்தில் உருப்படியான விஷயமே அது ஒன்றுதான். அதை ஒளித்துவைத்துவிட்டு, டாக்டரிடம் போகாமல் இருப்பதை மட்டும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட சத்தத்தில்தான் பையனை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ரூபெல்லாவேதான்.

எனக்கு ஒட்டியதா என்பது சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. திரும்பும் வழியில், ஸ்டேஷன் பக்கத்து மரத்தில் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்து எங்கள் வாசல் கதவில் கட்டினேன். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்: "நான் மாசமா இருக்கேன். எதிர் வீட்டுப் பையனுக்கு ரூபெல்லா. எனக்கும் வந்திருக்கலாம். கிட்ட வராதீங்க."

விஷயம் திருச்சிக்குப் போய், "ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிக்கணுமாம்மா?" என்று மாமியார் அழுதார்.

"அடிக்கத்தான் செய்வேன் அத்தை" என்றேன்.

வாய்தான் பேசியது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, உடம்பில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று தேடித் தேடிச் செத்துப் பிழைத்தேன்.

ஒட்டவில்லை. ரிசல்ட் வந்ததும் லேப் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். நிம்மதியைவிடக் கோபம்தான் அதிகம். இத்தனை பயமும் ஒரு ஊசியில் இல்லாமல் போயிருக்கும்.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா கேசரியோடு வந்தார். இடுப்பில் சின்னவள், அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். சருகாகிப்போன வேப்பிலையைப் பார்த்து, "அதான் ஒண்ணியும் இல்லன்னு ஆயிடுச்சே. இன்னும் இன்னாத்துக்கு இத்த கட்டிவெச்சிகினு கீற? கயட்டிப் போடும்மா" என்றார்.

"சின்னவளுக்கு ஊசி போட்டாச்சாக்கா?"

"காய்ச்ச வரும்னு அவ அப்பா வாணான்ட்டாரு."

என் அம்மா சொன்ன அதே வார்த்தை. குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"நாளைக்குப் புதன்கிழமை. சுகாதார நிலையத்துல ஊசி போடுவாங்க, நானும் கூட வரேன்" என்றேன். "இவளுக்குப் போட்டுட்டு வந்து, நீங்களே இதைக் கழட்டுங்க."