பெருங்காயம் சேர்க்கலாம்

2009இல் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்தேன். வயிற்றுக் கோளாறு என்று யார் வந்தாலும் என் டயட் சார்ட்டின் கடைசி வரி ஒன்றேதான்: ‘தினம் மூன்று வேளை மோர். பெருங்காயம் சேர்க்கலாம்.’ அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு நாள் ஓ.பி.யில் அன்வர் வந்தார். சிதம்பரத்தில் தன் மச்சான் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, ஆள் துரும்பாக இளைத்திருந்தார். பயாப்சி ரிசல்ட்டும் கையில் இருந்தது. கோதுமையிலும் மைதாவிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவருக்கு ஆகவில்லை. அது கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பு தன் குடலையே தாக்கும். குடலின் உட்சுவர் அழற்சியில் தேய்ந்து, சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாது.

சொன்னதும் சிரித்துவிட்டார்.

“மைதாவுலயே குளிக்கிற ஆளு மேடம் நானு. என்னப் போயி மைதா ஆவாதுங்கிறீங்களே!”

சிரித்த வாயோடு கண்ணும் கலங்கியது. அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. மாவுத் தூசிகூட வாய்க்குள் போகக் கூடாது, தோசைக்கல்லுக்கு மாறிவிடுங்கள் என்று சொல்லி, வழக்கமான சார்ட்டை எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் மச்சானோடு வந்தார். இன்னும் இளைத்திருந்தார்.

“கல்லுகிட்ட நிக்கவே முடியலங்க இவனால. இன்னும் ஒரு மாசம் பாப்பேன், அப்பறம் வேற மாஸ்டரதான் போடணும்” என்றார் மச்சான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏன் அன்வர், யாருக்கும் தெரியாம பரோட்டாவப் பிச்சு வாயில போட்டுக்கிறீங்களா?”

“அல்லா மேல சத்தியமா இல்ல மேடம்! நீங்க எழுதுனதத் தவிர எதையும் தொடல. வவுறு ஜாஸ்தியா கடமுடாங்கிறப்ப மோருல பெருங்காயத்தக் கூடுதலா அள்ளிப் போட்டுக் குடிக்கிறேன். இதோ பாருங்க.”

பையிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு.

கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பார்கள் என்று கல்லூரியிலேயே படித்தவள் நான். வெறும் வெட்கமில்லை, அழுகையே வந்தது.

“தப்பு என்னோடது அன்வர். மருந்துன்னு சொல்லி நான்தான் உங்களுக்கு மாவ எழுதிக் குடுத்துருக்கேன்.”

மச்சான்தான் முதலில் சிரித்தார். “அப்ப இவன் திருடித் திங்கல, நீங்கதான் ஊட்டி வுட்டிருக்கீங்க!” அன்வரும் சேர்ந்துகொண்டார். கடைசியில் நானும் சிரித்தேன். என்னவோ ஏதோ என்று நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

பெருங்காயத்தை நிறுத்தி, மோரில் இஞ்சியும் கறிவேப்பிலையும் போடச் சொன்னேன். சார்ட்டின் கடைசி வரியை அன்றே அடித்து நீக்கினேன். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் சாப்பாட்டைச் சொல்வார்கள், கைவைத்தியத்தைச் சொல்ல மாட்டார்கள். அதனால் “வயித்துக்கு ஆகலன்னா வீட்டுல என்ன குடிப்பீங்க?” என்பதுதான் பிறகு எப்போதும் என் முதல் கேள்வி.

மூன்று மாதம் கழித்து, கன்னம் உப்பிய ஒருவர் டிபன் கேரியரோடு வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை.

“தோசை மாஸ்டர் அன்வர் மேடம். இப்ப பரோட்டாவ விட தோசைக்குத்தான் கூட்டம்” என்று சாம்பார் அடுக்கைத் திறந்து என் பக்கம் தள்ளினார். “தெகிரியமா சாப்புடுங்க, பெருங்காயம் போடல.”